படத்துக்கு ஒரு காட்சி

தமயந்தி செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது என்பது ஞாபகம் வந்தபோது தணிகாசலம் பாதி முகத்துக்குத்தான் சவரம் செய்திருந்தார். வலது கன்னம் மழமழவென்று இருந்தது, இடது கன்னத்தில் இன்னும் சோப்பு நுரை, ரேஸரைப் பிடித்த கை கண்ணாடிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது. தமயந்தி என்றால் அத்தை மகளும் இல்லை, கூட வேலை பார்த்தவளும் இல்லை. கேப்டன் தமயந்தி. ‘வளரி’ என்ற விண்கலத்தை ஓட்டியவள். தணிகாசலம் ‘தாரகைநேசன்’ என்ற பெயரில் இருபத்தேழு வருஷமாக எழுதிவரும் ‘ஏழு சூரியன்’ வரிசையில், நாற்பத்து மூன்று நாவல்களில், பத்தொன்பதாவதின் கடைசி அத்தியாயத்தில், கலத்தையும் அதில் இருந்த மற்ற எட்டுப் பேரையும் தப்பவைத்துவிட்டு ஒரு கரும்பள்ளத்துக்குள் தன்னந்தனியாக விழுந்து செத்தவள். சாகடித்தது அவரேதான், இந்தக் கையால்தான், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல். அப்பேர்ப்பட்டவள் இப்போது கூடத்து அலமாரி மேல் பழுப்புக் கவருக்குள் நாலு கலரில் நின்றுகொண்டிருக்கிறாள், கையில் ஹெல்மெட், பின்னால் இரண்டு நிலா, கலத்தின் கதவைத் திறந்து உள்ளே வருகிற மாதிரி. பத்து மணிக்குப் பத்திரிகை ஆபீஸிலிருந்து ஆள் கொண்டுவந்து கொடுத்த அச்சான பக்கம் அது. அவர் அதைக் கவரிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடடா, தேவசகாயம் பின்னிட்டான், தமயந்தி மூக்கு இப்பத்தான் சரியா வந்திருக்கு என்று வாய்விட்டுச் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார். அதற்குப் பிறகு காப்பி குடித்தார், பேப்பர் படித்தார், போனில் பேசினார், வெந்நீர் போட்டுக்கொண்டு சவரம் செய்ய உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷமாக ஒரு செத்தவளின் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமே தோன்றாமல் இருந்திருக்கிறார்.

இடது கன்னத்தையும் எப்படியோ வழித்து முடித்தார், காதுக்குக் கீழே ஒரு வெட்டு. போனில் பேசியது இப்போது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. பேசியது உதவி ஆசிரியர் கிருபாகரன், முப்பது வயசுக்காரன், ஏழு சூரியனைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் வைத்துப் படித்து வளர்ந்தவன். “சார், எங்க வயித்துல பாலை வார்த்தீங்க சார், தமயந்தியைத் திரும்பக் கொண்டுவந்துட்டீங்களே, ஆபீஸே ஆடிப்போச்சு, அடுத்த இதழ் அட்டையிலயே ‘தமயந்தி வருகிறாள்’னு போட்டாச்சு” என்று அவன் மூச்சுவிடாமல் கொட்டினான். அதற்கு இவர் என்ன சொன்னார்? “ஆமாப்பா, ரொம்ப நாளாச்சுல்ல” என்றார். ஊருக்குப் போனவள் லீவுக்கு வருகிற மாதிரி. ரொம்ப நாளாச்சுல்ல! அவன் திரும்ப, திரும்ப என்று இரண்டு தடவை சொல்லியும் மண்டையில் உறைக்கவில்லை. ‘அத்தியாயத்தை ஒரு மணிக்குள்ள பேக்ஸ் பண்ணிடுங்க சார், மத்த பக்கமெல்லாம் ரெடி, உங்களுக்காகத்தான் மிஷின் நிக்குது’ என்றதும் ‘ஓ, தாராளமா’ என்று வேறு சொல்லிவைத்தார். அவர்களுக்கு இது பெரிய சாணக்கியத்தனம். தாரகைநேசன் பதினாலு வருஷம் காத்திருந்து துருப்புச்சீட்டை இறக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அதுதான் இதில் இருக்கிற ஒரே நல்லது, யோசித்துப் பார்த்தால் அதுதான் கெட்டதும்.

படம் முன்னால் போய்விடும், கதை பின்னால் வரும், அதுதான் வழக்கம், எல்லாத் தொடருக்கும் அப்படித்தான். கலர் பக்கம் சில நாள் முன்பே அச்சாகிவிடும். ஓவியர் படித்து வரைய அத்தியாயம் எங்கே இருக்கிறது, எழுதுகிறவர் மண்டையில்கூட இருக்காது. அதனால் எழுத்தாளர் போன் போட்டு ‘படத்துக்கு ஒரு சீன்’ சொல்லிவிடுவார், இன்னார் இன்ன இடத்தில் இப்படி நிற்கிறார் என்று. ஓவியர் வரைந்துவிடுவார். அப்புறம் அந்தப் படத்தைத் தொடுகிற மாதிரி கதையைக் கொண்டுபோய் நிறுத்துவது எழுத்தாளர் சாமர்த்தியம். தணிகாசலம் அதில் கெட்டிக்காரர். ஒரு தடவை ஓவியர் தேவசகாயம் மப்பில் மூன்று கையோடு ஒருவனை வரைந்துவிட, அந்த மூன்றாவது கைக்காகவே ஒரு புதுக் கிரகத்தை உண்டாக்கி ஆறு வாரம் ஓட்டினார். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய், சாயங்காலம், கூடத்து நாற்காலி. மனைவி வசுமதி தன் தங்கை வீட்டு வளைகாப்புக்குத் தாம்பரம் போயிருந்தாள். தேவசகாயம் போனில் ‘சார் சீன் வேணும், இன்னைக்கே வேணும்’ என்று நின்றான். இவர் யோசிக்கவே இல்லை, கண்ணை மூடியதும் தெரிந்தது, கதவு, இரண்டு நிலா, அவள். “தமயந்தி உள்ள வர்றா, கையில ஹெல்மெட், முகத்துல சிரிப்பு இருக்கக் கூடாது, ஆனா சிரிக்கப் போற மாதிரி இருக்கணும்” என்றார். தேவசகாயம் ஒரு வினாடி சும்மா இருந்துவிட்டு “தமயந்தியா சார்?” என்று கேட்டான். கேட்டான்! அந்த ஒரு வினாடி அவன் கதவைத் திறந்து வைத்தான், இவர் அதைக் கவனிக்காமல் “ஆமா, வேற யாரு” என்று சொல்லிவிட்டார். எத்தனை திடமாகச் சொன்னார் என்பது இப்போது காதில் கேட்கிறது.

எழுதுகிற மேஜைக்கு வந்து உட்கார்ந்தபோது மணி பத்து ஐம்பது. மேலே ஒரு விமானம் தாழப் பறந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கியது, பல்லாவரத்தில் இந்த வீட்டை வாங்கினதிலிருந்து இதே கதைதான், ஜன்னல் கண்ணாடி நடுங்கும், பேனா வைத்திருக்கிற தகர டப்பா நடுங்கும். நாற்பத்து மூன்று நாவல்களில் சூரியனுக்குச் சூரியன் தாவியவர் விமானத்தில் ஏறியது ஒரே ஒரு தடவை, மதுரைக்கு, ஒரு வாசகர் கல்யாணத்துக்கு, போகும்போது காதடைத்ததில் இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்பு வர வேண்டும், வரவில்லை. அப்பா ஞாபகம் வந்தது. வரக் கூடாது என்று எத்தனை பக்கத்தில் கதவடைத்தாலும் அந்த ஆள் வந்துவிடுவார். அரக்கோணம் திருத்தணி ரூட்டில் கண்டக்டர், முப்பது வருஷம் எந்த ஸ்டாப்பில் யார் இறங்க வேண்டும் என்று டிக்கெட்டைப் பார்க்காமல் சொல்வார். ரிடையர் ஆன வருஷம், ஐம்பத்தெட்டு முடிந்த மறு மாசம், ராத்திரி சோற்றில் கை வைத்தவர் கையை எடுத்துக்கொண்டார். “இருங்க, அண்ணன் வரட்டும், கை கழுவிக்கினு இருக்காரு” என்றார். பெரியப்பா செத்து ஆறு வருஷம். கொள்ளி போட்டது அப்பாதான், பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை என்பதால். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை, ரசத்தைக் கலக்கிக்கொண்டே “அவரு வருவாரு, நீங்க சாப்பிடுங்க” என்றாள். அப்பா சாப்பிட்டார். மறுநாள் அதற்காக யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏதோ அசதி என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை, வாரத்துக்கு ஒரு தடவை, கடைசியில் தினம் பெரியப்பா கை கழுவிக்கொண்டே இருந்தார், அப்பா போய்ச் சேரும்வரைக்கும். முதலில் போனது வழி இல்லை, பேர் இல்லை, கணக்கு இல்லை. யார் செத்தவர் என்பதுதான் முதலில் போயிற்று. தணிகாசலம் மின்வாரியத்திலிருந்து ரிடையர் ஆகிப் போன மே மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

சீச்சீ. அவள் காகிதத்து மனுஷி, பெரியப்பா ரத்தமும் சதையும். அதுவும் இதுவும் ஒன்றா? நாற்பத்து மூன்று நாவலில் எத்தனை பேர், ஆயிரம் பேர் இருப்பார்களா, அதில் ஒருத்தி செத்தது மறந்தால் உலகம் முழுகிவிடாது. மூன்று தொடர் ஒரே சமயத்தில் எழுதிய காலம் உண்டு, திங்கட்கிழமை ஏழு சூரியன், புதன்கிழமை நாகமுடி ராஜ்யத்து மந்திர தந்திரம், மாசக் கடைசியில் பாக்கெட் நாவலுக்கு இயந்திர மனிதன் துப்பறிவது, ஆபீஸில் மீட்டர் ரீடிங் தாளின் பின்பக்கத்தில், பஸ்ஸில், பந்தியில் இலைக்குக் காத்திருக்கும்போது. அப்போது நாகமுடி அரண்மனையில் கிழட்டு மந்திரி ஒருவன் ராஜாவைப் பார்த்து ‘மன்னா, ஆக்ஸிஜன் போதவில்லை’ என்று சொல்லி அது அச்சாகியும் வந்துவிட்டது. தமிழ்நாடே சிரித்தது, இவரும் சேர்ந்து சிரித்தார். அது போலத்தானே? இல்லை, அது போல இல்லை. அது கை தப்பியது, ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டில் கறி விழுந்த கதை. இங்கே கை தப்பவில்லை. இங்கே யாரோ ‘தமயந்தியா சார்?’ என்று கேட்டு, ‘ஆமா, வேற யாரு’ என்று வாய் பதில் சொல்லியிருக்கிறது. சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கண்ணை மூடி ஏழு சூரியன்களின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். பரிதி, எல்லோன், கனலி, வெய்யோன், அருக்கன். நின்றது. ஏழாவது என்றூழ், அது தெரியும், அது சங்கத்துப் பெயர், அதற்காக ஒரு புலவர் பாராட்டிக் கடிதம்கூட எழுதினார். ஆறாவது? பரிதி, எல்லோன், கனலி, வெய்யோன், அருக்கன். ரொம்ப லேசான பெயர், குழந்தைகூடச் சொல்லும். பரிதி, எல்லோன். பல்லில் சிக்கின நார் மாதிரி நாக்கு போய்ப் போய் அதே இடத்தைத் தொட்டது. பழைய நாவல் ஒன்றை எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் பார்க்கக் கூடாது, பார்த்தால் தோற்ற மாதிரி. மணி பதினொன்று ஐந்து.

“ஏங்க, முதல் பக்கம் ஆச்சா? தாங்க, நான் ஆரம்பிக்கறேன்” என்று வசுமதி வாசலில் வந்து நின்றாள். அவர் கையெழுத்தை அவரையும் அவளையும் தவிர யாராலும் படிக்க முடியாது. முதல் கதையிலிருந்து இன்றுவரைக்கும் படியெடுத்துக் கொடுப்பவள் அவள்தான், கோடு போட்ட தாளில், கம்பி கட்டின மாதிரி கையெழுத்தில். சாப்பாட்டு மேஜையில் அவள் இடம், மூக்குக் கண்ணாடி, மூடி கழற்றின பேனா, ஒரு டம்ளர் மோர். பத்திரிகைக்காரர்கள் தாரகைநேசன் கையெழுத்து அழகு என்று பேசிக்கொள்வார்கள், அது யார் கையெழுத்து என்று இவர் யாருக்கும் சொன்னதில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார், எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கவர் கூடத்து அலமாரி மேல் இருக்கிறது, இவள் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால்? இவளுக்கு நாற்பத்து மூன்று நாவலும் கைக்குள் இருக்கிறது, ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை இவள் வழியாகப் போயிருக்கிறது, கண்ணால் ஒரு தடவை, பேனாவால் ஒரு தடவை. தமயந்தி செத்த அத்தியாயத்தைப் படியெடுத்துவிட்டு அன்றைக்கு அடுப்பே மூட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். “காதுல என்ன ரத்தம்?” என்றாள். “ரேஸர்.” “என்ன வெளுத்துப்போயிருக்கீங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” போட்டேனா என்று அவர் யோசித்தார். யோசிக்கிற நேரம் நீண்டுகொண்டே போக, “போட்டேன் போட்டேன், நீ போ, பத்து நிமிஷத்துல தரேன், இன்னைக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு” என்றார். அவள் கண்ணாடிக்கு மேலே அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

சர்ப்ரைஸ்! வாயைக் கொடுத்தாயிற்று. இனி பொய்யையும் அழகாகக் கட்ட வேண்டும். இது ரொம்ப நாள் யோசித்து வைத்தது வசு, உனக்குக்கூடச் சொல்லவில்லை என்று ஒரு சிரிப்போடு சொல்லிவிடலாம், நம்புவாள். ஆனால் அவளை எப்படி உயிரோடு கொண்டுவருவது? இரட்டைப் பிறவி, ஏற்கெனவே ஆகிவிட்டது, பன்னிரண்டாவது நாவல். நகல் எடுத்த உடம்பு, முப்பத்தொன்றாவது. கனவு, அது சோம்பேறிகளின் தொழில். காலத்தில் பின்னால் போவது, அதைச் செய்தால் மற்றவர்களும் க்யூவில் வந்து நிற்பார்கள். அதெல்லாம் கிடக்கட்டும், அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவள் செத்த வாரம் முந்நூறு கடிதம் வந்தது, மணப்பாறை வாசகர் ஒருவர் கறுப்புக் கரை போட்டுக் கருமாதிப் பத்திரிகையே அடித்து அனுப்பிவிட்டார், அன்னாரின் ஆன்மா சாந்தியடைய, இங்ஙனம் துயரத்தில் வாடும் வளரி வாசகர் வட்டம். திரும்பக் கொண்டுவா, திரும்பக் கொண்டுவா என்று ஆறு மாசம் விடவில்லை. கடைசியில் கேள்வி பதிலில் எழுதினார்: என் கதையில் செத்தவர் செத்தவர்தான், எத்தனை சூரியன் இருந்தாலும் ஒரு சாவுதான். பெரிய கொள்கை என்று எல்லோரும் மெச்சினார்கள். கொள்கையும் இல்லை ஒரு வெங்காயமும் இல்லை. தினம் ராத்திரி செத்துப்போன ஒருவர் கை கழுவிவிட்டு வருவதற்காகக் காத்திருந்த வீட்டில் சாப்பிட்டவர் அவர், செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று எழுத அவருக்குப் பயம். அவ்வளவுதான். அந்தப் பயத்தைத்தான் பதினாலு வருஷமாகக் கொள்கை என்று பேர் வைத்துக் காப்பாற்றினார். இப்போது அட்டையில் கொட்டை எழுத்தில் ‘தமயந்தி வருகிறாள்’ என்று அச்சடித்தாயிற்று. பரிதி, எல்லோன், கனலி, வெய்யோன், அருக்கன்.

பதினொன்று இருபதுக்கு எழுத ஆரம்பித்தார், ஆரம்பித்தார் என்றால் கை தானாகப் போய் ஆரம்பித்தது. முதல் பக்கம் வழக்கமான ஓட்டம், வளரி ஏதோ ஒரு பாழ்நிலாவில் பழுதாகி நிற்கிறது, கிழட்டு மாலுமி மருதன் மட்டும் முழித்திருக்கிறான், வெளியே மங்கலாக ஒரு சூரியன். எந்தச் சூரியன்? பேர் வரவில்லை, ஆறாவது சூரியன் என்று எழுதிவிட்டுத் தாண்டினார், படிக்கிறவனுக்கு என்ன போயிற்று. மருதன் தன் இடது இயந்திரக் கையால் கதவுப் பூட்டைத் தட்டிப் பார்க்கிறான். வசுமதி வந்து பக்கத்தை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது பக்கம், எடுத்துக்கொண்டு போனாள். கூடத்தில் அவள் பேனா தாளில் ஓடுகிற சத்தமும் நடுநடுவே நிற்கிறதும் கேட்டது. நிற்கும்போதெல்லாம் இவர் தலையைத் தூக்கிக் கூடத்தைப் பார்த்தார். மூன்றாவது பக்கத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்க வேண்டும், அவள் வந்தாக வேண்டும், ஹெல்மெட்டோடு, இரண்டு நிலாவோடு. அந்த இடத்தில் பேனா நின்றது. பொய் ஒவ்வொன்றாக வரிசையில் வந்தது, ஒன்றும் பிடிக்கவில்லை, எல்லாவற்றிலும் பூசி மெழுகின வாசனை. போன் அடித்தது. கிருபாகரன். ஒரு மணி சார், மறந்துடாதீங்க என்றான். மறந்துடாதீங்க! பன்னிரண்டு மணி ஆகப் பத்து நிமிஷம். பயத்தோடு ஒரு கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், அந்தக் கோபத்தில் இருந்தது இருந்தபடி எழுதிவிட்டார்.

கதவு தட்டும் சத்தம். மருதன் போய்த் திறக்கிறான். தமயந்தி நிற்கிறாள். ‘வாங்க கேப்டன், ரொம்ப நாளாச்சு’ என்கிறான் மருதன். ஹெல்மெட்டை வாங்கி வைக்கிறான், அவளுக்குப் பிடித்த மாதிரி டிகாக்‌ஷன் தூக்கலாகக் காப்பி கலந்து உறிஞ்சும் குழாயில் ஊற்றிக் கொடுக்கிறான், கலத்தில் என்னென்ன பழுது என்று சொல்கிறான், அவள் கேட்டுக்கொள்கிறாள், சிரிக்கப் போகிற மாதிரி இருக்கிறாள், சிரிக்கவில்லை. அவள் மேல்தளத்துக்குப் போகிறாள். மருதன் பழுது பார்க்கத் திரும்புகிறான், திருகாணி ஒன்றைக் கையில் எடுக்கிறான். அப்போது, கதவைத் திறந்து நாற்பது நிமிஷம் கழித்து, அவனுக்கு ஞாபகம் வருகிறது. அவள் கரும்பள்ளத்தில் விழுந்ததை இவன் கண்ணால் பார்த்தவன். அவன் மேலே போய்ப் பார்க்கவில்லை. மேலே அவள் இருக்கிறாளா இல்லையா என்பது அவனுக்கு முக்கியமாகப் படவில்லை. அவளைப் பார்த்துப் பயப்படவில்லை அவன். நாற்பது நிமிஷம் பயப்படாமல் இருந்தேனே என்று பயப்படுகிறான். கலத்தில் தூங்கிக்கொண்டிருப்பவர்களை எழுப்பி இதைச் சொல்ல வேண்டும், சொன்னால் கலத்தை ஓட்ட இவன் லாயக்கில்லை என்று ஆகிவிடும், சொல்லாவிட்டால் இவன் ஓட்டுகிற கலத்தில் அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இப்படி ஏழு பக்கம். எத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்படி எழுதுகிறார் என்று அவருக்கே தெரியாது, ஒரு அடித்தல் இல்லை, ஒரு விமானம் போன சத்தம்கூடக் காதில் விழவில்லை. வசுமதி எத்தனை தடவை வந்து பக்கங்களை எடுத்துக்கொண்டு போனாள் என்றும் தெரியவில்லை. கடைசி இரண்டு தடவை அவள் ஒன்றும் கேட்காமல் வந்து ஒன்றும் பேசாமல் போனாள் என்பது மட்டும் தாமதமாக உறைத்தது. கூடத்தில் பேனாச் சத்தம் இல்லை.

பன்னிரண்டு முப்பத்தைந்து. தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போக ஐந்து நிமிஷம், பத்துப் பக்கமும் பேக்ஸில் போக இன்னொரு பத்து, நேரம் இருக்கிறது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி கூடத்துக்குப் போனார். வசுமதி சமையலறையில் குழாயைத் திறந்து விட்டிருந்தாள். மேஜையில் படியெடுத்த தாள்கள் அடுக்காக இருந்தன. அவர் எப்போதும் அதைப் படிப்பதில்லை, இருபத்தேழு வருஷத்தில் பத்துத் தடவை படித்திருந்தால் அதிகம், எழுதினதைத் திரும்பப் படிக்கிறவனால் ஒரே சமயத்தில் மூன்று தொடர் எழுத முடியுமா. இன்றைக்குச் சும்மா மேல்தாளைப் பார்த்தார். கம்பி கட்டின கையெழுத்தில், வெளியே மங்கலாகக் கதிரோன் காய்ந்துகொண்டிருந்தது என்று இருந்தது. கதிரோன்! அதுதான், அதேதான், பரிதி, எல்லோன், கனலி, வெய்யோன், அருக்கன், கதிரோன், என்றூழ். அப்பாடா என்று மூச்சு இறங்கியது, பாதியில் நின்றது. அவர் எழுதினது ஆறாவது சூரியன் என்றுதானே. அடுத்த வரியில் மருதன் வலது இயந்திரக் கையால் கதவுப் பூட்டைத் தட்டினான். வலது. அவர் எழுதினது இடது. மருதனுக்கு வலது கைதான் இயந்திரம், இருபத்தாறாவது நாவலில் போனது வலது கை, இடது கையால் அவன் பேத்திக்குக் கடிதம் எழுதுவான். எங்கேயும் அடித்து எழுதின அடையாளம் இல்லை, சந்தேகப்பட்டு நிறுத்தின அடையாளமும் இல்லை, சோற்றில் கல்லைப் பொறுக்கி எறிகிற மாதிரி பழகின கையாகப் போயிருந்தது. அவர் அந்தத் தாளைப் பிடித்தபடி நின்றார். குழாய்ச் சத்தம் நின்றது.

வசுமதி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கடைசி நாலு பக்கம் அவர் கையெழுத்திலேயே அவள் முன்னால் கிடந்தது, படியெடுக்காமல். கூடத்து அலமாரி மேலிருந்த கவர் பிரிந்து பக்கத்தில் இருந்தது. அவள் அழுதிருக்கவில்லை. முகத்தைக் கழுவியிருந்தாள், அவ்வளவுதான்.

“இது கதைக்காக எழுதினதா?” என்றாள்.

ஆமா, ரொம்ப நாளா யோசிச்சு வச்சது என்று சொல்ல வேண்டிய வரி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் இன்றைக்குத் தப்பித்துவிடலாம், அடுத்த வாரமும் தப்பித்துவிடலாம்.

“இல்ல” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். ஆச்சரியப்படவில்லை. “தேவசகாயத்துக்கு நீங்க சீன் சொன்னது எனக்குத் தெரியாது. நான் வீட்ல இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன். படத்துக்குச் சீன் சொல்றது ஒண்ணுதாங்க என் கை வழியா போகாதது.”

முதலில் அவருக்கு அவள் என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, இத்தனை நாள் இவள் தனியாக இதைச் சுமந்திருக்கிறாள். அவள் கடைசிப் பக்கங்களைத் தன் பக்கம் இழுத்து, புதுத் தாள் எடுத்து, மார்ஜினை மடித்தாள். மணியைப் பார்த்தாள். எழுத ஆரம்பித்துவிட்டாள், வேகமாக.

“எத்தனை தடவை, வசு?” என்றார்.

பேனா நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இந்த நாவல்லயா?” என்று கேட்டாள்.